கணினியின் முகம்: மேசையும் திண்ணையும்

‘படிக்கின்ற பிள்ளைக்குக் கணினி வாங்கித் தருவதா, அல்லது அந்த விலைக்குப் பெரிய கைப்பேசி ஒன்று வாங்கித் தருவதா?’ பள்ளி திறக்கும் வைகாசித் திங்கள்தோறும் முதலமடையிலும் கொல்லங்கோட்டிலும் கோவிந்தாபுரத்திலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இவ்வினா எழுகின்றது. மூணாற்றிலும் பீர்மேட்டிலும் தோட்டங்களில் வாழும் நம்மவரிடத்தும் இதே கேள்விதான். கைப்பேசியே போதும் என்போர், ‘அதிலும் எல்லாம் வருகின்றதே’ என்பர். வருவது உண்மை. ஆனால் வருவதைப் பார்த்திருப்பது வேறு. நாமாக ஒன்றை ஆக்குவது வேறு. இவ்விரண்டிற்கும் ஏற்ற முகங்கள் ஒன்றல்ல என்பதையே இத்திங்கள் எழுத எடுத்துக்கொண்டேன்.

முகம் என்று யான் கூறுவது, கருவி நம்மோடு பேசும் இடத்தை. உள்ளே ஓடும் பொறி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். திரையில் எவை எங்கே நிற்கின்றன, எத்தனை ஒருங்கே தெரிகின்றன, எதைத் தொட்டால் எது நிகழ்கின்றது என்பனவே அம்முகம். வீட்டில் திண்ணையும் உண்டு, களமும் உண்டு. திண்ணையில் நெல்லடிக்க முடியாது. களத்தில் விருந்தினரை உட்கார்த்தி வெற்றிலை கொடுப்பதும் முறையன்று. இரண்டையும் ஒரே மண்ணால்தான் மெழுகுகின்றோம்.

கணினித் திரைக்கு ‘மேசை’ என்னும் உருவகம் வந்த வரலாறு சுவையானது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பர்ட் என்னும் அறிஞர் ஒரு காட்சி நடத்தினார். மவுஸ் எனப்படும் சுட்டியைக் கையில் பிடித்துத் திரையில் எழுத்துகளைத் திருத்தியும், ஒன்றோடொன்று இணைந்த பக்கங்களைத் திறந்தும், தொலைவிலிருந்த தோழரோடு ஒரே ஏட்டில் வேலை செய்தும் காட்டினார். அவர் நோக்கம் மக்களை மகிழ்விப்பதன்று. அறிவு உழைப்பிற்குத் துணையாக ஒரு கருவி வேண்டும் என்பதே. அக்கருவியைப் பழகச் சில நாள் ஆகுமே என்பதை அவர் பெரிதாகக் கருதவில்லை. ஒரு கையால் சுட்டியும் மறு கையால் ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகையும் இயக்கப் பழகுக என்றார். இக்காலத்து வணிகர் எவரும் அப்படிச் சொல்லத் துணியார்.

பின்னர் ஜெராக்ஸ் நிறுவனத்தார் 1973இல் ஆல்டோ என்னும் கணினியை உருவாக்கினர்; 1981இல் ஸ்டார் என்பதைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். திரையை ஓர் அலுவலக மேசையாகவே அமைத்து, அதன்மேல் தாள்களும் கோப்புகளும் கோப்புறைகளும் கிடப்பதுபோலக் காட்டினர். 1984இல் ஆப்பிள் நிறுவனத்தின் மக்கின்டாஷ் அதனைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. நம் நாட்டுப் பெரியவர்களுக்கு இது புதிதன்று. பழைய கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசையைக் கண்டவர்கள் அறிவர். ஒருபுறம் நாளேடு, ஒருபுறம் பேரேடு, நடுவே அன்றைய சிட்டைகள். மூன்றும் ஒருங்கே கண்ணுக்குத் தெரியும். ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் பதிவதே அவருடைய தொழில். ஒன்றை மூடிவிட்டுத்தான் மற்றொன்றைத் திறக்கவேண்டும் என்று அவருக்கு ஆணையிட்டிருந்தால் அன்றே வேலையை விட்டு ஊருக்குப் போயிருப்பார்.

இதனை நம் ஊர்த் தொழிலிலேயே வைத்துப் பார்க்கலாம். முதலமடை மாங்காய் பிற இடங்களுக்கு முன்னதாகவே, தை மாசித் திங்களிலேயே சந்தைக்கு வந்துவிடுகின்றது. டெல்லிக்கும் மும்பைக்கும் அகமதாபாத்திற்கும் அது லாரியேறுவதை அறியாதவர் நம்முள் இல்லை. குத்தகைக்காரர் ஒருவர் நான்கு தோப்புகளை எடுத்திருக்கிறார் எனக் கொள்வோம். ஒவ்வொரு தோப்பிற்கும் குத்தகைத் தவணை, மருந்தடிப்பு, காவல், பறிகூலி, தரம் பிரிக்கும் கூலி, பெட்டி, லாரி வாடகை எனச் செலவுகள் தனித்தனியே உண்டு. சரக்கிலும் அல்போன்சா வேறு, பங்கனப்பள்ளி வேறு, செந்தூரம் வேறு, கிளிமூக்கு வேறு. மண்டியிலிருந்து விற்பனைப் பட்டியல் வருகின்றது. அது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஒரு படமாகவே வரும். அதில் எடை, விலை, கமிஷன், இறக்குகூலி, நிகரம் என எண்கள் நிரம்பியிருக்கும். நாம் அனுப்பியது இவ்வளவு, அங்கே சேர்ந்ததாக அவர்கள் எழுதியது இவ்வளவு என்று இரண்டையும் ஒப்பிட்டாலன்றிக் கணக்கு நேராகாது.

இவ்வேலையைக் கைப்பேசியில் செய்து பாருங்கள். பட்டியல் படம் திரை முழுவதையும் மூடிக்கொள்ளும். ஒரு வரியை மனத்தில் இருத்திக்கொண்டு படத்தை விட்டு வெளியேறி, கணக்குத் தாளைத் திறந்து, சிறு கட்டத்தைக் கண்டுபிடித்து, விரலால் எண்ணை இட்டு, மீண்டும் படத்திற்குத் திரும்பவேண்டும். 12 வரியுள்ள பட்டியலுக்குப் பன்னிரண்டு முறை போய்வரவேண்டும். இடையே ஒரு வாழ்த்துச் செய்தி வந்து விழும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது 47 என்பது 74 ஆகியிருக்கும். நம்மவர் பலர் இத்தொல்லையைக் கண்டே கணக்கை விட்டுவிட்டு, ‘மண்டிக்காரர் சொன்னதே கணக்கு’ என்று அமைந்துவிடுகின்றனர். கணினியிலோ படம் இடப்பக்கம், தாள் வலப்பக்கம். கண் மட்டும் அசைந்தால் போதும். மேலும், இன்ன தோப்பின் செந்தூரம் மூன்றாண்டுகளாக என்ன விலை போயிற்று, அத்தோப்பிற்கு மருந்துச் செலவு எவ்வளவு ஏறிற்று என்பது ஒரே பார்வையில் தெரிந்தால்தான், மரம் பூக்குமுன்பே பேசி முடிக்கும் அடுத்த குத்தகைக்கு எவ்வளவு வரை போகலாம் என்று துணிய முடியும். அது தெரியாமல் துணிந்து வீட்டு நகையை அடகு வைத்த குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் உண்டு.

இக்கணக்குத் தாளுக்கும் ஒரு பிறப்பு உண்டு. டான் பிரிக்லின் என்பவர் ஹார்வர்டில் வணிகவியல் பயின்றபோது, கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய கட்டங்களில் ஓர் எண் மாறினால் எத்தனையோ எண்களை அழித்தெழுத வேண்டியிருந்ததைக் கண்டார். பாப் பிராங்ஸ்டன் என்னும் நண்பரோடு சேர்ந்து 1979இல் விசிகால்க் என்னும் நிரலை வெளியிட்டார். சிறு கணினியைக் கடைக்காரரும் கணக்கரும் காசு கொடுத்து வாங்கியதற்கு அதுவே பெருங்காரணமாயிற்று. இன்றைய எக்செல் தாளும், பள்ளிக் கணினியில் நம் பிள்ளைகள் காணும் கால்க் என்பதும் அதன் வழித்தோன்றல்களே.

கைப்பேசியின் முகம் வேலைக்கு ஒவ்வாதிருப்பது செய்தவர் குற்றமன்று. விரலின் அளவே காரணம். பால் பிட்ஸ் என்னும் உளவியல் அறிஞர் 1954இல் ஓர் உண்மையை அளந்து காட்டினார். ஓர் இலக்கைத் தொடுவதற்கு ஆகும் நேரம், அது எவ்வளவு தொலைவில் உள்ளது, எவ்வளவு பெரியது என்னும் இரண்டையும் பொறுத்தது என்பதே அது. சுட்டியின் முனை ஊசிபோல் நுண்ணியது. அதற்குச் சில மில்லிமீட்டர் அளவுள்ள பொத்தான் போதும். விரல் நுனிக்கோ ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் இடம் வேண்டும். ஆகவே விரலுக்கென அமைக்கும் திரையில் பொத்தான்கள் பெரியனவாகும். பெரியனவாகவே எண்ணிக்கையிற் குறையும். குறைந்தவை போக மற்றவை எங்கோ உள்ளே மறைக்கப்படும். படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் நான்கு பொத்தான் போதுமாதலின் அங்கே எக்குறையும் தோன்றாது. எழுதவும் கணக்கிடவும் வரையவும் வந்தால்தான் மறைந்தவற்றைத் தேடி அலைகின்றோம்.

இவ்வேறுபாட்டை மறந்ததனால் பெரிய நிறுவனங்களே இடறியதுண்டு. 2010இல் ஐபேட் என்னும் பலகை வெளிவந்து பெரு வெற்றி பெற்றது. இனி எல்லாமே விரற்பலகைதான் என்று பலர் எண்ணினர். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2012ஆம் ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் 8 என்பதை வெளியிட்டது. 1995 முதல் திரையின் இடக்கோடியில் நின்று கோடிக்கணக்கான மக்களுக்குப் பழகியிருந்த ‘ஸ்டார்ட்’ பொத்தான் அதில் இல்லை. கணினியைத் திறந்தவுடன் திரை நிறைய வண்ணச் சதுரங்கள் நின்றன. புதிய வகைச் செயலிகள் முழுத் திரையையும் எடுத்துக்கொண்டன. வேண்டிய அளவிற் குறுக்கி மற்றொன்றின் மேல் வைக்கும் சாளரங்களாக அவை அமையவில்லை. விண்டோஸ் என்பதற்கே சாளரங்கள் என்றுதான் பொருள்! அலுவலகங்களில் எழுத்தரும் கணக்கரும் முணுமுணுத்தனர். பல நிறுவனங்கள் பழைய விண்டோஸ் 7ஐ விட்டு நகர மறுத்தன. ஓராண்டிற்குள் 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10 பழைய பட்டியலையும் சாளரங்களையும் மீட்டுத் தந்தது.

லினக்ஸ் உலகிலும் அக்காலத்தே இதே பூசல் நிகழ்ந்தது. 2011 ஏப்ரலில் வந்த குனோம் 3, சாளரத்தைக் கீழே இறக்கும் பொத்தானையும், திறந்துள்ளவற்றைக் காட்டும் கீழ்ப்பட்டையையும் நீக்கிவிட்டது. பழைய அமைப்பையே விரும்பியவர்கள் அதன் நிரலை எடுத்து மேட் என்னும் பெயரில் தனியே பேணலாயினர். உபுண்டுக்காரர் அதே திங்களில் யூனிட்டி என்னும் புதுமுகத்தைப் புகுத்தி, 2017இல் அதனைக் கைவிட்டனர். மாற்றம் செய்தவர்களை மூடர் என்று கூற யான் ஒருப்படேன். கணினி வைத்திருப்போரிற் பெரும்பாலோர் பார்ப்பதும் படிப்பதுமே செய்கின்றனர் என்று அவர்கள் கண்டது மெய்தான். மீதிப் பேர் அதனால்தான் பிழைக்கின்றனர் என்பதையே அவர்கள் போதிய அளவு எண்ணவில்லை.

வேடிக்கைக்கென அமைந்த முகத்திற்கு மற்றோர் இயல்பும் உண்டு. தாய்மார் இதனைக் கருத்திற்கொள்க. வேலை முகம் நாம் ஏவும்வரை சும்மா இருக்கும். வேடிக்கை முகம் நம்மை ஏவும். ஒரு படம் முடிந்தவுடன் அடுத்தது தானே ஓடும். பக்கத்தைத் தள்ளத் தள்ள முடிவு வாராது. முடிவில்லாது உருளும் இப்பக்க அமைப்பை 2006இல் வகுத்தவர் ஏசா ராஸ்கின் என்னும் இளைஞர். மக்களின் நேரத்தை அது விழுங்குவதைக் கண்டு பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக வருந்தினார். அவர் தந்தை யார் தெரியுமா? 1979இல் மக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெப் ராஸ்கின். பயன்படுத்துவோரின் கவனத்தைச் சிதறச் செய்யாத கருவியே நற்கருவி என்று வாழ்நாள் முழுதும் வாதித்து, 2000ஆம் ஆண்டில் அதற்கென ஒரு நூலே எழுதியவர் அவர். தந்தை மேசை செய்தார். மகன் ஊஞ்சல் செய்தார்.

ஆயினும் விளையாட்டைப் பகையாகக் கருதிவிடலாகாது. 1990இல் விண்டோஸ் 3.0உடன் சாலிடேர் என்னும் சீட்டாட்டம் வந்தது. சுட்டியால் ஒன்றைப் பிடித்து இழுத்து வேறிடத்தில் விடும் பழக்கம் அதன் வாயிலாகவே பலருக்குக் கைவந்தது. கேரளப் பள்ளிகளில் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கான கணினிப் பாடநூலின் பெயரே ‘களிப்பெட்டி’. விளையாட்டுப் பெட்டி என்று பொருள். அதிலுள்ள விளையாட்டுகள் சுட்டியைப் பிடிக்கவும் எழுத்தைத் தேடவும் கற்பிப்பன. விளையாட்டு ஓரிடத்தில் முடிகின்றதா, முடிந்தபின் பிள்ளையின் கைக்கு ஒரு திறம் வந்து சேர்கின்றதா என்று பார்த்தால் போதும்.

பள்ளியைப் பற்றிப் பேச்சு வந்ததனால் நம் பிள்ளைகளின் நிலையையும் கூறவேண்டும். இம்மாநிலத்துப் பள்ளிகளில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் அமைப்பைப் பள்ளிகளுக்கென அது உருவாக்கித் தருகின்றது. பொதுமக்களும் அதனைக் கட்டணமின்றிப் பெற்று வீட்டுக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பில் கணினிப் பாடத்திற்கு நேரே கணினியில் அமர்ந்து தேர்வு எழுதவேண்டும். தமிழ் வழியில் பயிலும் பிள்ளைகளுக்கு இப்பாடநூல் தமிழிலும் உண்டு.

2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது பாடம் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வந்தது. கடன் வாங்கியேனும் கைப்பேசி வாங்கித் தந்த பெற்றோரை யாரும் குறைகூற இயலாது. அன்று அதுவே வழி. ஆனால் அத்தலைமுறைப் பிள்ளைகளிற் பலர் இன்று விரலால் தள்ளுவதில் வல்லவர். ‘நீ எழுதியதை எங்கே வைத்தாய்?’ என்று கேட்டால் விழிக்கின்றனர். கைப்பேசி கோப்பின் இருப்பிடத்தைப் பெரும்பாலும் மறைத்தே வைப்பதால், கோப்புறை என்பது ஓர் இடம் என்னும் எண்ணமே அவர்களுக்கு உருவாகவில்லை. தேர்வறையில் கோப்பை உரிய பெயரிட்டு உரிய கோப்புறையில் சேமி என்று கேட்கும்போது, பாடம் தெரிந்தும் கை தடுமாறுகின்றது. வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தாலும் இத்தடுமாற்றம் நீங்கும். அலுவலகங்கள் கழித்துவிடும் மேசைக் கணினி ஒன்று, லினக்ஸ் நிறுவினால், நல்ல கைப்பேசியின் விலைக்கு மிகக் குறைவாகவே அமைந்துவிடும்.

வாங்கியபின் அதன் முகத்தை ஒழுங்கு செய்வதே பெரிது. ஒரே கணினியில் இரண்டு மூன்று பயனர் பெயர்களை உண்டாக்கலாம். தந்தையின் தோப்புக் கணக்கிற்கு ஒன்று, பிள்ளையின் படிப்பிற்கு ஒன்று, பாட்டிற்கும் படத்திற்கும் ஒன்று. படிப்பிற்குரிய முகத்தில் எழுதும் நிரல், கணக்குத் தாள், பாடத்திற்கு ஒரு கோப்புறை ஆகியவை மட்டும் நிற்கட்டும். அறிவிப்புகளை அடைத்துவிடுக. படம் பார்க்க வேண்டுமானால் இங்கிருந்து வெளியேறி அந்தப் பெயரில் நுழையட்டும். அரை நிமிட வேலைதான். ஆனால் திண்ணைக்குப் போகின்றோம் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். கணினியைக் கூடத்தில் வைத்தலே நன்று. ஐப்பசி மாலைகளில் இடி இடிக்கும்போது மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுக. இடுக்கி மலைவாசிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

தமிழ்த் தட்டச்சைப் பற்றி ஒரு சொல். கைப்பேசியில் நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தால் தமிழை எழுதுகின்றனர். லகர ளகர ழகரம் மூன்றும் அங்கே ஒன்றாகிப் போகின்றன. வீட்டில் தமிழ், பள்ளியிலும் கடைத்தெருவிலும் மலையாளம் என்று வாழும் நமக்கு இவ்விழப்பு பிறரைவிட மிகுதி. 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளில் அடக்கும் முயற்சியில் முன்னின்றவர்கள் நம்மைப் போலப் பிறந்த மண்ணை விட்டுச் சென்ற தமிழர்கள் என்பதை நினைவூட்ட விரும்புகின்றேன். தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கிய இரா. முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்றவர். முரசு என்னும் தமிழ்ச் செயலியை 1985இல் தந்த முத்து நெடுமாறன் மலேசியத் தமிழர்.

1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்யெழுத்துகளை வலக்கைக்கும் பகிர்ந்து, அடிக்கடி வரும் அ, இ, உ, க, ப, ம, த ஆகியவற்றை விரல் இயல்பாக நிற்கும் நடுவரிசையில் வைத்தது. வேலைக்கென எண்ணிச் செய்த முகத்திற்கு அதுவே சிறந்த சான்று. தமிழ் மட்டும் எழுதுவோருக்கு அதனினும் விரைவானது வேறில்லை. ஆயினும் நம் எல்லைப் பகுதிப் பிள்ளைகளுக்கு இன்ஸ்கிரிப்ட் என்பதையே யான் பரிந்துரைப்பேன். தமிழன்பர் சிலர் சினந்தாலும் சரி. நடுவண் அரசின் மின்னணுத் துறை 1980களில் இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக வகுத்த பலகை அது. பள்ளியில் மலையாளம் தட்டச்சிட இதனையே கற்பிக்கின்றனர். ஓரொலி எம்மொழியிலும் ஒரே விசையில் நிற்பதால், ஒரு பயிற்சியில் இரு மொழியும் கைவரும்.

விண்டோசிலும் லினக்சிலும் இது முன்னரே உள்ளது; தனியே வாங்க வேண்டியதில்லை. கே விசையில் க. எல் விசையில் த. எச் விசையில் ப. சி விசையில் ம. டி விசையில் புள்ளி. ஈ விசையில் ஆகாரக் கால். முதற் கிழமைக்கு இவை போதும். ஷிப்டை அழுத்திக்கொண்டு டி தட்டினால் அகரம் வரும். அதன்பின் சி, டி, சி, ஈ என்று தட்டினால் ‘அம்மா’. மொழியை மலையாளத்திற்கு மாற்றிவிட்டு, கடைசி ஈயை மட்டும் விடுத்து அதே விசைகளைத் தட்டினால், பள்ளித்தோழன் தன் தாயை அழைக்கும் ‘அம்ம’ அவன் எழுத்திலேயே திரையில் நிற்கும்.